கடை சிஸ்டமும் கைபோனும் ஒரே கணக்கைச் சொல்ல வேண்டும் என்றால்

சத்தியமங்கலத்தில் என் மாமாவுக்கு ஒரு ஹார்டுவேர் கடை. பைப், மோட்டார், பெயிண்ட், சிமெண்ட் என்று ஓடுகிற வியாபாரம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சிஸ்டம், சரக்கு வண்டியோடு தாளவாடி வரை போய்வரும் பையன் கையில் ஒரு ஆண்ட்ராய்டு போன். பண்ணாரி தாண்டி திம்பம் ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவு, அதில் பாதி நேரம் சிக்னல் இருக்காது. கடையிலும் வண்டியிலும் ஒரே கடன் கணக்கு தெரிய வேண்டும் என்பதுதான் கேட்டது. "நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே மாப்ள, ரெண்டு நாள் வேலைதான?"

ஒன்றரை வருடம் ஆனது. அதில் ஒரு வருடம் நானே இழுத்துவிட்டுக்கொண்டது. அதே மாதிரி ஒன்றை நீங்கள் செய்யப் போகிறீர்கள் என்றால், நான் பட்ட பாட்டில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் டேபிளைத் திருத்துங்கள், நெட்வொர்க் அப்புறம்

சிங்க் (இரண்டு சாதனத்தில் இருக்கும் கணக்கையும் ஒன்றாக்குவது) என்றதும் எல்லோரும் ஏபிஐ, சர்வர் (எல்லாச் சாதனமும் நெட் வழியாகப் பேசுகிற நடுக் கம்ப்யூட்டர்), வெப்சாக்கெட் என்று நெட்வொர்க் சமாச்சாரத்தில் ஆரம்பிக்கிறோம். நானும் அப்படித்தான். என் முதல் வெர்ஷனில் டேட்டாபேஸின் வாடிக்கையாளர் டேபிளில் 'பாக்கி' என்று ஒரு காலம் (column), 'கடைசியாகத் திருத்திய நேரம்' என்று இன்னொரு காலம். இரண்டு இடத்திலும் மாறியிருந்தால் எது பிந்தியதோ அது ஜெயிக்கும். பார்க்க நியாயமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் ஒருவருக்கு 4,200 ரூபாய் பாக்கி. மலை மேலே பையன் அவரிடம் 1,500 வாங்கி போனில் போட்டான், பாக்கி 2,700 ஆனது. சிக்னல் இல்லை. அதே நேரம் கீழே கடையில் அவருடைய மகன் 800 ரூபாய்க்கு வால்வு வாங்கிப் போனான், சிஸ்டத்தில் பாக்கி 5,000. சாயங்காலம் வண்டி இறங்கியது, சிங்க் ஆனது, இரண்டு இடத்திலும் 5,000 என்று நின்றது. சரியான கணக்கு 3,500. அவர் கொடுத்த 1,500 எங்கே போனது என்று ஆப்பைக் கேட்டால் அதற்குத் தெரியாது, ஏனென்றால் 1,500 என்ற எண்ணை நான் எங்குமே எழுதி வைக்கவில்லை. கழித்து வந்த விடையை மட்டும்தான் வைத்திருந்தேன்.

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். குறிப்பேடு, பேரேடு என்று இரண்டு எதற்கு வைத்திருக்கிறார்கள்? நடந்ததை நடந்த வரிசையில் குறிப்பேட்டில் எழுது, அதிலிருந்து பேரேட்டைக் கட்டு. பேரேடு கிழிந்தால் குறிப்பேட்டிலிருந்து திரும்பக் கட்டிக்கொள்ளலாம். நான் பேரேட்டை மட்டும் இரண்டு பிரதி எடுத்து, அந்த இரண்டையும் ஒட்ட வைக்கப் பார்த்திருக்கிறேன்.

அதனால் டேபிளை இப்படி மாற்றினேன்: 'நடந்தது' என்று ஒரு டேபிள். ஒரு வரவு ஒரு வரி, ஒரு பற்று ஒரு வரி. எழுதின வரியை யாரும் திருத்த முடியாது. தப்பாகப் போட்டுவிட்டால் எதிர் வரி ஒன்று போட வேண்டும், அழிக்கக் கூடாது. பாக்கி என்பது கூட்டிப் பார்க்கிற எண், அது சிங்க் ஆகவே ஆகாது, ஒவ்வொரு சாதனமும் தானே கூட்டிக்கொள்ளும். போனில் எழுதின வரியும் சிஸ்டத்தில் எழுதின வரியும் சேர்ந்தால் இரண்டு வரி, அவ்வளவுதான். கூட்டலுக்கு வரிசை முக்கியமில்லை. ஒரே விவரத்தை இரண்டு இடத்திலும் மாற்றியதால் வருகிற மோதலைத் தீர்க்கிற கோடு (code) நூறு வரிக்கு மேல் எழுதியிருந்தேன், கடன் கணக்குக்கு அதில் ஒன்றும் தேவைப்படாமல் போனது.

சரக்கு இருப்பும் இதே கதைதான். 'இருப்பு 7' என்று அனுப்பாதீர்கள், '3 போனது' என்று அனுப்புங்கள். இரண்டு பேரும் ஆஃப்லைனில் இருந்து கடைசி மோட்டாரை ஆளுக்கொருவருக்கு விற்றால் இருப்பு மைனஸ் ஒன்று ஆகும். ஆகட்டும். அதைத் தடுக்க ஆஃப்லைனில் எந்த வழியும் இல்லை, சிவப்பில் காட்டிவிட்டு மனுஷனிடம் விட்டுவிடுவதுதான் நேர்மை.

பணத்தை பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். இதற்கு விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

திரை எப்போதும் உள்ளூர் டேபிளைத்தான் பார்க்க வேண்டும்

போனிலும் சிஸ்டத்திலும் தனித்தனியே முழு டேட்டாபேஸ் இருக்கட்டும். எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் போதும், ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஏற்கனவே உள்ளேயே இருக்கிறது, விண்டோஸில் ஒரு சின்னக் கோப்பு. பில் போடுகிற பட்டனை அழுத்தினால் உள்ளூரில், அதாவது அந்தச் சாதனத்திலேயே எழுதி, உடனே திரையில் காட்டி, வேலை முடிந்தது. நெட் இருக்கிறதா இல்லையா என்பது பின்னால் ஓடுகிற இன்னொரு வேலையின் கவலை. "சர்வருடன் இணைக்கிறது..." என்று ஒரு சக்கரம் சுற்றினால், வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது பையன் காகிதத்தில் எழுதிக்கொள்வான். அந்தக் காகிதம் உங்கள் ஆப்புக்குள் வரவே வராது.

இங்கே ஒரு குறுக்கு வழி எல்லோருக்கும் தோன்றும்: டேட்டாபேஸ் கோப்பையே ஒரு கிளவுட் ஃபோல்டரில் போட்டுவிட்டால் என்ன? தயவுசெய்து வேண்டாம். எஸ்க்யூலைட்டை வால் (WAL) முறையில் ஓட்டினால் (பெயருக்கு ஏற்ற மாதிரி அது வால் மாதிரியே கூட வரும்) புதிதாக எழுதியது கொஞ்ச நேரம் பக்கத்துக் கோப்பில்தான் இருக்கும். ஃபோல்டர் சிங்க் முதல் கோப்பை ஒரு நிமிடத்திலும் வாலை அடுத்த நிமிடத்திலும் தூக்கிக்கொண்டு போகும். இரண்டும் பொருந்தாது. அந்தப் பக்கம் திறக்கும்போது கடைசி பில்கள் காணாமல் போகலாம், கோப்பே கெட்டும் போகலாம்.

அடையாள எண்ணைச் சாதனமே போடட்டும்

தானாக ஏறும் எண் வைத்தால் போனிலும் 417 வரும், சிஸ்டத்திலும் 417 வரும். ஆஃப்லைனில் சர்வரிடம் எண் கேட்கவும் முடியாது. அதனால் ஒவ்வொரு வரிக்கும் யூயூஐடி, அதாவது யாரையும் கேட்காமல் சாதனமே உண்டாக்கிக்கொள்ளும், வேறெதோடும் மோதாத நீண்ட எண். நான்காம் வகையில் 122 பிட் ரேண்டம், மோதும் என்று பயப்பட வேண்டாம். 2024-இல் தரமான ஏழாம் வகையில் முன்பகுதி நேரமாக இருப்பதால் டேட்டாபேஸ் தேடலுக்கு வைத்திருக்கும் இண்டெக்ஸில் வரிசையாகப் போய் உட்காரும். புதிதாக ஆரம்பித்தால் அதையே எடுங்கள்.

ஆனால் பில்லில் அச்சடிக்கிற எண் யூயூஐடியாக இருக்க முடியாது. ஜிஎஸ்டி விதி 46 தொடர் எண் வேண்டும் என்கிறது, 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, அந்த நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது. நல்லவேளையாக அதே விதி ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. கடைக்கு 'கே-' வரிசை, வண்டிக்கு 'வி-' வரிசை. ஆடிட்டரிடம் காட்டினேன், பேசாமல் தலையை ஆட்டினார், அவரிடம் அதுவே பெரிய பாராட்டு.

அனுப்புவது

உள்ளூரில் ஒரு 'அனுப்ப வேண்டியது' டேபிள் வையுங்கள். பில் வரியையும் இந்த டேபிளின் வரியையும் ஒரே ட்ரான்ஸாக்ஷனில் (எழுதினால் இரண்டும் சேர்ந்து பதியும், இல்லையென்றால் இரண்டுமே பதியாது) எழுத வேண்டும். தனித்தனியாக எழுதி நடுவில் போன் அணைந்தால், பில் உள்ளூரில் இருக்கும், அனுப்பப்படவே மாட்டாது, யாருக்கும் தெரியாது.

அப்புறம் பின்னணி வேலை அந்த டேபிளில் இருந்து ஐம்பது ஐம்பதாக எடுத்து அனுப்பும், சர்வர் 'வந்தது' என்று சொன்னால் எடுத்துவிடும். சொல்லாவிட்டால்? போய்ச் சேரவில்லை என்று அர்த்தமில்லை. சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் வரும் வழியில் பத்தாவது வளைவில் சிக்னல் போயிருக்கலாம். போன் திரும்பவும் அதையே அனுப்பும், அனுப்பத்தான் வேண்டும். எனவே சர்வர் அதே யூயூஐடி இரண்டாம் முறை வந்தால் சத்தம் போடாமல் 'வந்தது' என்று மட்டும் சொல்ல வேண்டும். பிழை என்று திருப்பி அனுப்பினால் போன் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். புதிதாக இன்னொரு வரி போட்டால் ஒரே ஆளிடம் இரண்டு முறை 1,500 வாங்கிய கணக்கு வரும்.

வாங்குவது, அதில் என்னை ஒரு வாரம் தூங்கவிடாத பிழை

"போன தடவை வரைக்கும் பார்த்தாயிற்று, அதற்கப்புறம் வந்ததைக் கொடு" என்று சாதனம் கேட்கும். 'அதற்கப்புறம்' என்பதை எதை வைத்து அளப்பது? நேரத்தை வைத்து அளக்காதீர்கள், அதற்குக் காரணம் கீழே வருகிறது. சர்வர் ஒவ்வொரு வரிக்கும் ஏறுவரிசையில் ஒரு எண் போடட்டும், சாதனம் தான் கடைசியாகப் பார்த்த எண்ணை நினைவில் வைக்கட்டும்.

நான் அப்படித்தான் செய்தேன், சர்வரில் ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் தொடர் எண்ணை வைத்து. மாதத்துக்கு ஒரு பில், சிலசமயம் இரண்டு, ஏதாவது ஒரு சாதனத்துக்கு மட்டும் வராது. சர்வரில் இருக்கும், போனில் இருக்கும், சிஸ்டத்தில் மட்டும் இருக்காது. லாக்கில் ஒரு பிழையும் இல்லை. கடைசியில் காகிதத்தில் வரைந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது.

வண்டி போன் அனுப்பிய பில்லுக்கு 101 என்று எண் கிடைக்கிறது, ஆனால் அந்த ட்ரான்ஸாக்ஷன் இன்னும் முடியவில்லை. அதற்குள் மாமாவின் போன் (அதிலும் இதே ஆப்தான்) அனுப்பியதற்கு 102 கிடைத்து, அது முதலில் முடிந்துவிடுகிறது. சரியாக அந்த இடைவெளியில் கடை சிஸ்டம் வந்து "100-க்கு அப்புறம் என்ன?" என்று கேட்கிறது. முடிந்தது 102 மட்டும்தான், அதை வாங்கிக்கொண்டு "நான் 102 வரை பார்த்துவிட்டேன்" என்று குறித்துக்கொள்கிறது. ஒரு விநாடி கழித்து 101 முடிகிறது. சிஸ்டம் இனி 102-க்கு அப்புறம்தான் கேட்கும். 101 அதற்கு என்றைக்கும் வராது.

எண் கொடுக்கிற வரிசையும் ட்ரான்ஸாக்ஷன் முடிகிற வரிசையும் ஒன்று இல்லை, இதுதான் விஷயம். நான் செய்த தீர்வு எளிது: கடைக்கு ஒரு வரி உள்ள 'எண்ணி' டேபிள், எழுதுகிற ஒவ்வொரு ட்ரான்ஸாக்ஷனும் அந்த வரியை ஒன்று கூட்டி அந்த எண்ணை எடுத்துக்கொள்ளும். கூட்டின உடனே அந்த வரிக்குப் பூட்டு விழும், ட்ரான்ஸாக்ஷன் முடிகிற வரை அடுத்தவர் காத்திருப்பார். வேகம் குறையும்தான், ஆனால் ஒரு கடையில் ஒரே விநாடியில் எத்தனை பில் போடப் போகிறார்கள்?

கடிகாரத்தை நம்பாதீர்கள்

கடை சிஸ்டத்தின் மதர்போர்டு பேட்டரி செத்துப்போய், கரண்ட் போய் வந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். வண்டிப் பையனோ, ஏதோ கேமில் லைஃப் சீக்கிரம் வர வேண்டும் என்று போனில் தேதியை ஒரு நாள் முன்னே தள்ளி வைத்திருந்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் எது பிந்திய திருத்தம் என்று நேரத்தைப் பார்த்து முடிவு செய்த ஆப் என்னுடையது. போனில் திருத்தியது ஒரு நாள் முழுக்க ஜெயித்துக்கொண்டே இருந்தது.

கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978-இலேயே எழுதிவிட்டார்: பல மெஷின்கள் இருந்தால் எது முன், எது பின் என்பதைச் சுவர்க் கடிகாரம் இல்லாமலே, செய்தி போய்வருவதை வைத்து எண்ணிக்கையால் வரிசைப்படுத்தலாம் என்று. சின்ன ஆப்புக்கு அதன் முழுக் கணக்கும் வேண்டாம். பெயர், விலை மாதிரி திருத்தக்கூடிய ஒரு வரியைத் திருத்தி அனுப்பும்போது, "நான் எந்த வெர்ஷனைப் பார்த்துத் திருத்தினேன்" என்ற எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். சர்வரில் இருப்பதும் அதே வெர்ஷன் என்றால் மோதல் இல்லை, நேராக எழுதலாம். வேறு என்றால் நடுவில் யாரோ தொட்டிருக்கிறார்கள். இதில் கடிகாரமே வரவில்லை பாருங்கள்.

பில் தேதி வேண்டும்தான், மனுஷர்கள் பார்ப்பதற்கு. அதை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைத்து, காட்டும்போது நம் ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள். சிங்க் ஆகும்போது சாதனம் தன் கடிகார நேரத்தையும் சொல்லட்டும், சர்வர் நேரத்தோடு சில நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திரையில் சொல்லிவிடுங்கள்.

நிஜமாகவே மோதினால்

கணக்கு வரிகள் மோதாது. மோதுவது விவரங்கள்: பெயர், முகவரி, போன் நம்பர், விலை. முழு வரியையும் ஒப்பிடாமல் ஒவ்வொரு காலமாக ஒப்பிட்டால் பெரும்பாலான மோதல் அங்கேயே கரைந்துவிடும், ஒருவர் முகவரியை மாற்றியிருப்பார், இன்னொருவர் நம்பரை. ஒரே காலத்தை இருவரும் மாற்றியிருந்தால் சர்வருக்குக் கடைசியாக வந்தது நிற்கட்டும், தோற்றதைத் தூக்கி எறியாமல் ஒரு 'பழையது' டேபிளில் போடுங்கள். இரண்டு போன் நம்பர் வந்தால் இரண்டையுமே வைக்கலாம், நம் ஊரில் யாருக்கு ஒரே நம்பர் இருக்கிறது? விலைக்கு மட்டும் மாமாவிடம் கேட்கும்படி செய்தேன். எல்லாவற்றுக்கும் "எது வேண்டும், இதுவா அதுவா" என்று கேட்டால் இரண்டாம் நாளில் இருந்து படிக்காமலே முதல் பட்டனை அழுத்துவார்கள்.

அமேசான் தன் டைனமோ என்ற தரவுச் சேமிப்பு முறையைப் பற்றி 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், ஷாப்பிங் கார்ட் இரண்டாகப் பிரிந்தால் இரண்டையும் சேர்த்துவிடுவார்கள், அதனால் கார்ட்டிலிருந்து எடுத்துவிட்ட பொருள் சிலசமயம் திரும்பி வந்து உட்காரும் என்று எழுதியிருக்கிறார்கள். போட்டது தொலையக் கூடாது, எடுத்தது திரும்பி வந்தால் பரவாயில்லை என்பது அவர்கள் வியாபாரத்துக்கான முடிவு. உங்கள் வியாபாரத்துக்கு எது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், லைப்ரரியிடம் விடாதீர்கள்.

ஒரே பத்தியில் இரண்டு பேர் எழுதுகிற மாதிரி ஆப் என்றால் கதை வேறு, அதற்கு சிஆர்டிடி (பலர் திருத்தியதைத் தானாக ஒன்று சேர்க்கும் தரவு அமைப்பு) வழியில் ஆட்டோமெர்ஜ், ஒய்ஜேஎஸ் என்று லைப்ரரிகள் இருக்கின்றன, சொந்தமாக எழுத உட்காராதீர்கள். எழுதவே மனமில்லை என்றால் தாமே சிங்க் செய்துகொள்ளும் கவுச்டிபி, பவுச்டிபி என்ற டேட்டாபேஸ்களைச் சேர்த்து வைத்தாலே நிறைய வேலை முடியும்.

அழித்தது எழுந்து வரும்

ஒரு பொருளை சிஸ்டத்தில் அழித்துவிட்டீர்கள், வரியே போய்விட்டது. போனுக்கு அது எப்படித் தெரியும்? "அதற்கப்புறம் வந்ததைக் கொடு" என்று கேட்டால் இல்லாத வரி எப்படி வரும்? அதனால் அழிப்பதற்குப் பதில் 'அழித்தாயிற்று' என்று குறி வையுங்கள், அதுவும் ஒரு திருத்தமாகச் சிங்க் ஆகட்டும். இதற்கு ஆங்கிலத்தில் கல்லறைக்கல் என்றே பெயர்.

கல்லறையை எத்தனை நாள் வைப்பது? கசாண்ட்ரா டேட்டாபேஸ் இயல்பாகப் பத்து நாள் வைக்கிறது. கடைக்குப் பத்து நாள் பத்தாது, மாமாவின் பழைய போன் ஆறு மாதம் மேஜை டிராயரில் கிடந்து திடீரென்று சார்ஜ் ஏறியது. நான் 180 நாள் வைத்திருக்கிறேன். அதைவிட அதிக நாள் காணாமல் போன சாதனம் வந்தால், முதலில் அதன் 'அனுப்ப வேண்டியது' டேபிளை வாங்கிக்கொண்டு, அப்புறம் அதன் டேட்டாவைத் துடைத்து முழுசாகப் புதிதாக இறக்கும். இந்த வரிசை மாறினால் உள்ளே மாட்டியிருந்த பில் எல்லாம் போச்சு.

தமிழ் எழுத்து

இதை வேறு எந்த வழிகாட்டியும் உங்களுக்குச் சொல்லாது. 'கோபால்' என்று சிஸ்டத்தில் ஒருவர், 'கோபால்' என்று போனில் இன்னொருவர். கண்ணுக்கு ஒரே பெயர், தேடினால் ஒருவர்தான் வருவார். ஓகாரக் குறியை யூனிகோடில் (கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான பொது எண் முறை) ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். எந்தக் கீபோர்டு எதைப் போடும் என்பது அதனதன் இஷ்டம். ஐபோன் ஆப் எழுதும் ஸ்விஃப்ட் மொழியில் ஒப்பிட்டால் இரண்டும் சமம் என்று வரும், எஸ்க்யூலைட் பைட்டைப் பார்ப்பதால் வேறு வேறு என்று சொல்லும். உள்ளே எழுதும் முன்னும், தேடும் முன்னும் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், ஒரு வரி கோடு. ஆனால் 'கௌரி'யை ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு 'கெளரி' என்று அடித்திருந்தால் என்எஃப்சி காப்பாற்றாது. அது வேறு எழுத்து. தேடலில் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும்படி நீங்களே எழுத வேண்டும்.

போன் உங்கள் ஆப்பைத் தூங்க வைக்கும்

சிஸ்டத்தில் ஒரு ப்ராசஸ் நாள் முழுக்க ஓடும். போனில் ஓடாது. ஆண்ட்ராய்டு 6-இல் இருந்து டோஸ் என்று ஒன்று உண்டு, போன் சும்மா கிடந்தால் நெட்டை அடைத்துவிடும். பின்னணி வேலைகளை ஓட்டும் ஆண்ட்ராய்டின் ஒர்க்மேனேஜரில் திரும்பத் திரும்ப ஓடும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம், அதுவும் தள்ளிப் போகலாம். ஐபோனில் எப்போது ஓடலாம் என்று அதுவே முடிவு செய்யும். எனவே புஷ் செய்தியை "புதிது இருக்கிறது, வந்து எடு" என்ற குறிப்பாக மட்டும் பயன்படுத்துங்கள், டேட்டாவை அதில் வைத்து அனுப்பாதீர்கள், வராமலும் போகும். ஆப்பைத் திறந்தவுடன் ஒரு சிங்க், பில் போட்டவுடன் ஒன்று, நெட் திரும்ப வந்தவுடன் ஒன்று. மேலே ஒரு ஓரத்தில் "3 பில் இன்னும் போகவில்லை" என்று எண்ணிக்கையோடு காட்டுங்கள். வெறும் பச்சைப் புள்ளியை யாரும் நம்புவதில்லை.

சோதனை

ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுத்து விளையாடுவது சோதனை ஆகாது. நான் மூன்று பொய்ச் சாதனங்களை நினைவகத்தில் உண்டாக்கி, ரேண்டமாக பில் போடச் சொல்லி, செய்திகளைக் கலைத்து, சிலதை இரண்டு முறை கொடுத்து, சிலதை நடுவில் வெட்டி, கடைசியில் எல்லாவற்றையும் ஆன்லைனில் கொண்டுவந்து, மூன்றின் மொத்தமும் ஒன்றா என்று பார்க்கிற ஒரு டெஸ்ட் எழுதினேன். தோற்றால் ரேண்டம் விதையை அச்சடிக்கும், அதே விதையைக் கொடுத்தால் அதே தோல்வி திரும்ப வரும். முதல் நாளே பதினொரு பிழை. இதை ஒரு வருடம் முன்னாலேயே எழுதியிருக்கலாம்.

பழைய வெர்ஷன் ஆப்பையும் சேர்த்து ஓட்டுங்கள். கடை சிஸ்டத்தை யாரும் அப்டேட் செய்ய மாட்டார்கள். புது போன் அனுப்புகிற தெரியாத காலத்தைப் பழைய ஆப் தூக்கிப் போடாமல் அப்படியே வைத்திருந்து திருப்பி அனுப்ப வேண்டும்.

கடைசியில் இரண்டு மாதம் காகித நோட்டும் கூடவே ஓடியது, மாமா விடவில்லை. தினமும் கடை சாத்தும் முன் இரண்டையும் ஒப்பிட்டோம். எட்டாம் நாள் 40 ரூபாய் வித்தியாசம், ராத்திரி பதினொன்று வரை கோடைத் தோண்டினேன். நோட்டில் ஒரு டெஃப்லான் டேப் எழுதாமல் விட்டிருந்தார்கள்.